செல்ஃப் அடிக்குதா? ஸ்டார்ட் ஆக மறுக்கும் காரில் கோளாறைத் தேடும் வழி

"வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்று யாராவது போனில் கூப்பிட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "செல்ஃப் அடிக்குதா?" சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுழற்றுகிறதா என்று அர்த்தம். அதற்கு நேரான பதில் அநேகமாக வராது. "பேட்டரி போன மாசம்தான் மாத்தினேன்" என்பார்கள். "ப்ளக்கா இருக்குமோ?" என்பார்கள். நான் கேட்பது சத்தத்தை, அவர்கள் சொல்வது பாகத்தின் பெயரை. இப்படிப் பெயரில் தொடங்கினால் ஒவ்வொரு பாகமாக மாற்றி, கடைசியில் பழைய சாமான் ஒரு பெட்டி நிறையச் சேரும். வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். என் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

சாவியைத் திருப்பியதும் என்ன நடக்கிறது என்று ஒரு முறை மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மெல்லிய வயர் வழியாக மின்சாரம் போய், ஸ்டார்ட்டர் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டை, அதாவது மின்காந்தச் சுவிட்சை, இழுக்கிறது. சொலினாய்டு ஒரே இழுப்பில் இரண்டு வேலை செய்கிறது: சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி இன்ஜினோடு சுழலும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலின் பற்களோடு கோக்கிறது, தடித்த கேபிளில் காத்திருக்கும் மின்சாரத்தை மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று வேகத்தில் சுழலத் தொடங்குகிறது. அந்தச் சுழற்சியைக் கிராங்க் சென்சார் பார்த்து ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினின் கணினிக்குச் சொல்கிறது. ஈசியூ பெட்ரோல் பம்பை ஓடவிட்டு, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் திறந்து, ப்ளக்கில் பொறி வரவைக்கும் காயிலுக்குச் சரியான நொடியில் கட்டளை கொடுக்கிறது. அழுந்திய கலவையில் பொறி விழுந்து பற்றிக்கொள்கிறது.

இதில் ஏதோ ஒரு கண்ணி விட்டிருக்கிறது. எதுவரை வந்து நின்றது என்பதை வண்டி சத்தமாகவே சொல்லிவிடும்.

முதலில் காது, பிறகு கை

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நில்லுங்கள். தொங்கும் துணி, சங்கிலி, அவிழ்ந்த முடி எதுவும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே போகக் கூடாது. ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். நடுவில் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆத்திரத்தில் அரை நிமிடம் அடித்து, நன்றாக இருந்த மோட்டாரையும் கருக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்ன கேட்டது?

ஒன்றுமே கேட்கவில்லை என்றால் சொலினாய்டு வரைக்கும் மின்சாரம் வரவில்லை என்று வைத்துக்கொண்டு தேடலாம். கனமாக ஒரே ஒரு 'டக்' கேட்டு அதோடு நின்றால், சொலினாய்டு இழுத்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை. 'டகடகடக' என்று தந்தி அடிப்பதுபோலக் கேட்டால் மின்னழுத்தம் போதவில்லை: சொலினாய்டு இழுக்கிறது, மோட்டார் இணைந்ததும் அழுத்தம் சரிகிறது, சொலினாய்டு கைவிடுகிறது, அழுத்தம் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பல முறை இதே கூத்து. இன்ஜின் முக்கி முனகிச் சுழன்றால் அதுவும் இதே குடும்பத்துச் சிக்கல்தான். 'வீஈ' என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாமல் இருந்தால், பல்சக்கரம் ஃப்ளைவீலைப் பிடிக்கவில்லை.

இவை எதுவும் இல்லாமல், வழக்கமான வேகத்தில், வழக்கமான தாளத்தில் இன்ஜின் சுழன்றுகொண்டே இருக்கிறது, பற்றிக்கொள்ளத்தான் மாட்டேன் என்கிறது என்றால் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மறந்துவிடலாம். கோளாறு எரிபொருள், பொறி, சென்சார் பக்கம். கட்டுரையின் முதல் பாதியைத் தாண்டிவிட்டு நேராக அங்கே போங்கள்.

சுழலவே இல்லை, அல்லது சோம்பலாகச் சுழல்கிறது

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு பழைய சோதனை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு கிட்டத்தட்ட அணைந்தே போனால் பேட்டரியில் சரக்கு இல்லை, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. விளக்கு கொஞ்சமும் மங்காமல் பளிச்சென்று எரிய, செல்ஃப் ஊமையாக இருந்தால் மின்சாரம் இருக்கிறது, ஸ்டார்ட்டருக்குப் போகவில்லை. லேசாக மங்கி ஒரு 'டக்' கேட்டால் சந்தேகம் ஸ்டார்ட்டர்மேல்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. மலிவான மீட்டரே போதும், 12 வோல்ட்டைப் பிழையில்லாமல் காட்டினால் சரி. வண்டி சில மணி நேரமாவது ஓடாமல் நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். 12 என்று எழுதியிருக்கும் பேட்டரி 12 காட்டினால் சரியாகத்தான் இருக்கிறது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 2.1 வோல்ட் தரும் அறைகள் ஆறு உள்ளே இருக்கின்றன, அதனால்தான் முழுக் கணக்கு 12.6. சற்றுமுன் ஓட்டி நிறுத்திய வண்டி என்றால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டு அளந்தால் உண்மை தெரியும்.

ஆனால் சும்மா நிற்கும்போது காட்டும் வோல்ட் பாதிக் கதைதான். மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சாதாரண தட்பவெப்பத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. 12.5 காட்டிய பேட்டரி செல்ஃப் அடித்ததும் 7க்கோ 8க்கோ சரிந்தால் உள்ளே தட்டுகள் போய்விட்டன. எத்தனை சார்ஜ் போட்டாலும் தேறாது. செல்ஃப் அடிக்கும்போது 11க்கு மேலேயே நின்று, இன்ஜின் மட்டும் சோம்பலாகச் சுழன்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மின்சாரம் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

வழியில் மாட்டிக்கொள்ளும் முதல் இடம் டெர்மினல். பேட்டரி முனையில் மாட்டியிருக்கும் கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். கையாலேயே நகர்ந்தால் அது தளர்வு. வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ பொடி பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஏன் என்றால், காரின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால், அந்த ஸ்பேனர் வழியாகவே பேட்டரி முழு வேகத்தில் காலியாகும். பொறி பறக்கும், ஸ்பேனர் ஒட்டிக்கொள்ளும். பொடியைச் சமையல் சோடா கலந்த தண்ணீர் ஊற்றிக் கரைத்து, கம்பித் தூரிகையால் ஈயம் மினுங்கும்வரை தேய்த்து, துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். கண்ணாடியும் கையுறையும் அவசியம். அந்தப் பொடி அமிலத்தின் மிச்சம்.

இனி அந்தப் பெட்டிக் கதை. ஒரு பழைய காரில் காலையில் செல்ஃப் முனகும். பேட்டரி மாற்றினேன், ஒரு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி முனகல். ஸ்டார்ட்டரைக் கழற்றி பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினேன். இரண்டு நாள் தாங்கியது. பாசிட்டிவ் கேபிள் புதிது போட்டேன். அப்போதும் அதே கதை. கடைசியில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். கருவி எதையும் எடுக்கவில்லை. "ரெண்டு தடவை அடிங்க தம்பி" என்றார். அடித்தேன். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் பட்டையை விரலால் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். சுட்டது. நட்டுக்கு அடியில் பெயின்ட்டும் துருவும் சேர்ந்து ஒரு படலம். பட்டையின் இழைகளில் பாதி பச்சை பூத்து ஒடிந்திருந்தன. மீட்டர் வைத்துப் பார்த்தபோது அந்த ஒரு இணைப்பிலேயே 2 வோல்ட் போய்க்கொண்டிருந்தது. செல்ஃப் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தாலும் அது 200 வாட். ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டிய மின்சாரம் பட்டையைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

அதனால், நல்ல பேட்டரியோடு சோம்பல் சுழற்சி என்றால் இதைச் செய்யுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தண்டிலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். சிவப்பு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுத்துங்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி அங்கேதான். பாசிட்டிவ் பக்கமும் இப்படியே: பேட்டரி பாசிட்டிவ் தண்டிலிருந்து ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் போல்ட் வரை அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். திடீரென்று உற்சாகமாகச் சுழன்றால் எர்த் பட்டையை மாற்றிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம்.

முழு மௌனத்துக்கு வருவோம். பதறும் முன் சில்லறைக் காரணங்களைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி முயலுங்கள். கியர் நிலையைச் சொல்லும் சுவிட்ச் தேய்ந்திருந்தால் நியூட்ரலில் எடுக்கும். மேனுவல் கார்கள் பலவற்றில் கிளட்சைத் தரைவரை மிதிக்காவிட்டால் செல்ஃப் அடிக்காது. மிதியடி சுருண்டு பெடலுக்கு அடியில் போனதே காரணமாக இருந்த நாளும் உண்டு. பட்டன் ஸ்டார்ட் கார்களில் ரிமோட்டின் செல் தீர்ந்தால் கார் சாவியை அடையாளம் காணாது. பல மாடல்களில் ரிமோட்டைப் பட்டன்மேலேயே வைத்து அழுத்தினால் எடுக்கும். டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ சிமிட்டினால் அது இம்மொபிலைசர், திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு. இன்னொரு சாவியில் முயலுங்கள். பிறகு ப்யூஸ், ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்). ரிலேயைச் சோதிக்க எளிய வழி, அதே பெட்டியில் அதே எண் போட்ட வேறொரு ரிலேயோடு இடம் மாற்றிப் பார்ப்பது. எல்லாம் சரியாக இருந்தால் சாவியைத் திருப்பியபடி சொலினாய்டின் மெல்லிய வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தும் அசையவில்லை என்றால் ஸ்டார்ட்டர் போயிற்று. வரவில்லை என்றால் சாவி சுவிட்ச்சிலிருந்து அங்கே வரும் வழியில் கோளாறு.

ஒற்றை 'டக்' வண்டியில் ஸ்டார்ட்டரின் உடலை மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே செல்ஃப் அடித்தால் சில நேரம் எடுக்கும். தேய்ந்த பிரஷ் அந்த அதிர்வில் இடம் மாறி உட்காரும். வீடு போய்ச் சேர அது போதும். மறுநாள் காலைக்கு உத்தரவாதம் இல்லை.

பேட்டரி காலி என்றால், இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்க ஜம்பர் கேபிள் மாட்டும் வரிசை இது: சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவில், கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனையைச் செத்த காரின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரிமேல் ஹைட்ரஜன் தங்கியிருக்கலாம், அதன் பக்கத்தில் அந்தப் பொறி வேண்டாம். வண்டி ஓடத் தொடங்கியதும் மீட்டரில் 13.8 முதல் 14.5 வரை வருகிறதா என்று பாருங்கள். 12.5லேயே நின்றால் இன்ஜின் சுழற்றி மின்சாரம் தரவைக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை. அன்றைக்குப் புது பேட்டரி வாங்கினாலும் இதே இடத்தில் மறுபடி நிற்பீர்கள்.

சார்ஜும் சரி, பேட்டரியும் சரி, இரண்டு நாள் நிறுத்தினால் மட்டும் காலியாகிறது என்றால் ஏதோ ஒன்று ரகசியமாகக் குடிக்கிறது. எல்லாம் அணைந்து, கதவு பூட்டி, கணினிகள் தூங்க அரை மணி நேரம் விட்டபின் பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருப்பது சாதாரணம். அந்த அளவில் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் போகும். அரை ஆம்பியர் போனால் நாளைக்கு 12; 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்காம் நாள் வெறும் பெட்டி. டிக்கி விளக்கு அணையாமல் இருப்பது, பின்னாளில் பொருத்திய கேமரா, மியூசிக் சிஸ்டம், இவற்றிலிருந்து தொடங்குங்கள்.

நன்றாகச் சுழல்கிறது, பற்றவில்லை

முதலில் ஒரு எச்சரிக்கை. வழக்கத்தைவிட வேகமாக, இடறல் இல்லாமல், தையல் மெஷின்போல 'விர்ர்' என்று சுழன்றால் உடனே நிறுத்துங்கள். சிலிண்டர்களில் அழுத்தமே இல்லை. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். இன்னும் ஒரு தடவை பார்ப்போமே என்று அடிக்கும் ஒவ்வொரு செல்ஃபும் வால்வை வளைக்கலாம்.

தாளம் சாதாரணமாக இருந்தால் டாஷ்போர்டைப் பாருங்கள். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். அது எரியவே இல்லை என்றால் ஈசியூவுக்கே மின்சாரம் இல்லை, அதன் ப்யூஸையும் மெயின் ரிலேயையும் தேடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். பல கார்களில் அது லேசாக எழும்பித் துடிக்கும். செத்துக் கிடந்தால் கிராங்க் சென்சார்மேல் சந்தேகம் வரும், ஏனென்றால் சுழற்சியைக் கணினி பார்க்கவே இல்லை. பார்க்காத கணினி பெட்ரோலும் தராது, பொறியும் தராது.

அடுத்து எரிபொருள். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்பது அவமானம் இல்லை. பெட்ரோல் அளவு காட்டும் முள் பொய் சொல்லும். சாவியை ஆன் செய்துவிட்டுச் செல்ஃப் அடிக்காமல் காதைப் பின் சீட்டுப் பக்கம் கொடுங்கள். பம்ப் சுமார் 2 விநாடி 'ம்ம்ம்' என்று முனகி நிற்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப் ப்யூஸ், ரிலே, கனெக்டர். சில கார்களில் மோதினால் பெட்ரோலை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அதைத் தேடி அமுக்கிவிட்டுப் பாருங்கள்.

காலையில் மட்டும் நீண்ட நேரம் அடித்தபின் எடுக்கும் வண்டிக்கு ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது, காசு செலவில்லாதது. சாவியை ஆன் செய்யுங்கள், பம்ப் முனகி நிற்கட்டும், ஆஃப் செய்யுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தபின் செல்ஃப் அடியுங்கள். உடனே பற்றினால், இரவெல்லாம் பெட்ரோல் லைனில் அழுத்தம் இறங்கியிருக்கிறது. பம்பில் இருக்கும் ஒருவழி வால்வு கசிகிறது, அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது. இன்டேக் போர்ட்டில் பெட்ரோல் தெளிக்கும் சாதாரண இன்ஜின்களில் இந்த அழுத்தம் 3 முதல் 4 பார். நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜின்களில் ரெயில் பக்கம், அதாவது இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் பிரித்துத் தரும் குழாயில், இதைப்போல் பல மடங்கு. அதைக் கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பெட்ரோலா, பொறியா என்று பிரித்துப் பார்க்கச் சுருக்கமான வழி ப்ளக்கைப் படிப்பது. சில தடவை செல்ஃப் அடித்துவிட்டு, இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒரு ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி நனைந்து பெட்ரோல் நெடி அடித்தால் எரிபொருள் வந்திருக்கிறது, பொறிதான் இல்லை, அல்லது கலவை அளவுக்கு மீறிவிட்டது. எலும்புபோல உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். முனை உருண்டு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பொறி வருகிறதா என்று பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் பயன்படுத்துங்கள். ப்ளக்கைக் கையில் பிடித்துப் பாடியில் உரசிக் காட்டும் வித்தையை யார் செய்து காட்டினாலும் நீங்கள் செய்யாதீர்கள். காயிலிலிருந்து பல ஆயிரம் வோல்ட் வருகிறது, திறந்த ப்ளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வருகிறது. இரண்டும் சந்திக்க வேண்டாம்.

நன்றாக இருந்த வண்டியை ஷெட்டிலிருந்து நாலடி வெளியே எடுத்து உடனே அணைத்துவிட்டு, அரை மணி கழித்து வந்து அடித்தால் எடுக்காத அனுபவம் பலருக்கு உண்டு. குளிர்ந்த இன்ஜினுக்குக் கணினி கொஞ்சம் தாராளமாகவே பெட்ரோல் விடும். சூடாகும் முன் அணைத்தால் அது ப்ளக்கில் தங்கிவிடும். மெக்கானிக்குகள் 'ஓவர்ஃப்ளோ' என்பார்கள். ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு 5 முதல் 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். இன்ஜெக்ஷன் கார்களில் பெரும்பாலானவை இதை 'பெட்ரோலை நிறுத்து, காற்றை மட்டும் விடு' என்று புரிந்துகொள்ளும். இருமி, தடுமாறி எடுத்ததும் காலை மெதுவாகத் தளர்த்துங்கள். இதற்கு மாறாக, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் மட்டும் எடுக்கிறது, காலை எடுத்ததும் அணைகிறது என்றால் இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்துவிடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறது.

எப்போது எடுக்கவில்லை?

இது பாதி விடை. குளிர்ந்திருக்கும்போது மட்டும் தகராறு என்றால் பேட்டரி, பெட்ரோல் அழுத்தம், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப சென்சார். அந்த சென்சார் வயர் அறுந்தால் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் -40 டிகிரி என்று காட்டும். இரவு முழுதும் நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் 70 காட்டினால் கணினி இன்ஜின் சூடாக இருப்பதாக நம்பி, குளிர்ந்த இன்ஜினுக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலைத் தராது.

சூடாக இருக்கும்போது மட்டும் என்றால் வேறு ஆட்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுபோய், 20 நிமிடம் ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல எடுத்தால் எனக்கு முதலில் கிராங்க் சென்சார் நினைவுக்கு வரும். உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு விடும், ஆறினால் சேரும். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுவதால் "எல்லாம் நல்லா இருக்கே சார்" என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். எடுக்காத அந்தத் தருணத்திலேயே ஈரத்துணியைச் சென்சார்மேல் வைத்துக் குளிர்வித்து அடித்துப் பாருங்கள். எடுத்தால் சந்தேகம் உறுதி. எக்ஸாஸ்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் போட்ட உடனே மட்டும் திணறுகிறதா? டேங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். டேங்க் நிரம்பும்போது கிளம்பும் ஆவி நேராக இன்டேக்குக்குப் போய்க் கலவையைக் கெடுக்கும். இந்த ஒரு அடையாளத்தைச் சொன்னாலே போதும், அனுபவசாலி வேறு எதையும் கழற்ற மாட்டார்.

மழை ஈரத்தில் மட்டும் மக்கர் செய்யும் பழைய வண்டி என்றால், இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பானெட்டைத் திறந்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வெடித்த ப்ளக் வயரிலிருந்து நீலப் பொறி புழுபோல ஊர்ந்து எர்த்துக்குப் போவது கண்ணுக்கே தெரியும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எலி கடித்த வயரைத் தேடுங்கள். பழைய பெட்ரோலையும் நம்ப வேண்டாம்.

ஓபிடி ஸ்கேனர் இருந்தால் கணினி பதிந்துவைத்த கோளாறுக் குறியீட்டைப் படியுங்கள், ஆனால் குறியீடு சொல்லும் பாகத்தை அப்படியே மாற்றிவிடாதீர்கள். பி0335 என்பது கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0340 கேம் சென்சார் (வால்வைத் திறக்கும் தண்டின் நிலையைப் பார்ப்பது) சர்க்யூட், பி0087 ரெயில் அழுத்தம் குறைவு. சர்க்யூட் என்றால் சென்சார், கனெக்டர், வயர் மூன்றும் சேர்த்தி. கனெக்டரைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி அழுத்தி மாட்டியதிலேயே சரியான வண்டிகள் எத்தனையோ.

டீசல் வண்டிக்குத் தனிக் கணக்கு

இங்கே ப்ளக் பொறி கிடையாது. அழுந்திய காற்றின் சூடுதான் பற்றவைக்கிறது. அதனால் சுழலும் வேகமும் சிலிண்டர் அழுத்தமும் பெட்ரோல் வண்டியைவிட முக்கியம். அரைகுறை பேட்டரியில் பெட்ரோல் வண்டி எடுத்துவிடும், டீசல் எடுக்காது.

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. குளிர்ந்த நேரத்தில் இப்படி என்றால் சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீட்டர் ப்ளக்கை ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்து பாருங்கள். நல்ல ப்ளக் பெரும்பாலும் 1 ஓம் அக்கம்பக்கத்தில் காட்டும், போன ப்ளக் தொடர்பே காட்டாது. புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. ஃபில்டர் மாற்றிய மறுநாள் இது நடந்தால் லைனில் காற்று புகுந்திருக்கிறது. கைப்பம்ப் இருந்தால் அது இறுகும்வரை அமுக்கி ஏர் எடுங்கள். ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். காமன் ரெயில் வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் சுமார் 200 பாருக்கு ஏறாவிட்டால் கணினி பெரும்பாலும் இன்ஜெக்டரைத் திறக்காது. ஸ்கேனரில் அந்த எண்ணைப் பாருங்கள், பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம். ஹீட்டர் ப்ளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரேயும் அடிக்கக் கூடாது. செந்நிறமாகக் காய்ந்திருக்கும் ப்ளக்கில் பட்டு, வேண்டாத நேரத்தில் வெடிக்கும்.

பெட்ரோல், பொறி, சென்சார் எல்லாம் சரி, இன்னும் எடுக்கவில்லை என்றால் கம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது. பெட்ரோல் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் 10 முதல் 13 பார் வரை காட்டுவது வழக்கம், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் அதிகம் இருக்கக் கூடாது. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மிகவும் அரிதாகத்தான் இதுவரை வர வேண்டியிருக்கும். ஹைப்ரிட் வண்டி என்றால் ஆரஞ்சு நிற கேபிள் எதையும் தொடாமல் நேராகத் தெரிந்தவரிடம் போங்கள்.

எங்கே முடியவில்லையோ அங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கூப்பிடும் முன் செல்ஃப் சத்தத்தை ஆர்பிஎம் முள்ளும் தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "செல்ஃப் நல்ல வேகமா அடிக்குது. முள் ஆடலை. பம்ப் சத்தம் ஆன் பண்ணும்போது வருது. சூடா இருக்கும்போது மட்டும்தான் இப்படி, 20 நிமிஷம் விட்டா எடுக்குது." மறுமுனையில் அவர் ஒரு நொடி பேச மாட்டார். அடுத்து, வண்டி என்ன மாடல், எந்த வருஷம் என்று கேட்பார். சென்சாரை வாங்கிக்கொண்டே வரலாமா என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்.